ரயில் அட்டவணையும் தேசியவாதமும்: 1914 ஜூலையின் கடைசி வாரம்

முதல் உலகப் போருக்குக் காரணம் என்ன என்று கேட்டால், பள்ளியில் வரலாறு படித்த எவரும் சரயேவோ என்று சொல்லிவிடுவார்கள். 1914 ஜூன் 28 அன்று அந்த நகரில், ஆஸ்திரிய-ஹங்கேரியப் பேரரசின் பட்டத்து இளவரசர் பிரான்ஸ் பெர்டினாண்டையும் அவர் மனைவி சோஃபியையும் 19 வயது கவ்ரிலோ பிரின்சிப் சுட்டுக் கொன்றார். ஆனால் அதற்குப் பிறகு மூன்று வாரங்களுக்கு மேல் ஐரோப்பா வழக்கம்போல்தான் இயங்கியது. ஜெர்மன் பேரரசர் கெய்சர் நார்வே கடலோரம் கப்பல் பயணம் போனார். கொலைக்குப் பின்னால் செர்பியா இருக்கிறது என்று குற்றம் சாட்டி, ஜூலை 28 அன்று ஆஸ்திரியா அந்த நாட்டின்மீது போர் அறிவித்தது. அடுத்த ஏழே நாட்களில் ரஷ்யா, ஜெர்மனி, பிரான்ஸ், பெல்ஜியம், பிரிட்டன் எல்லாம் போருக்குள் வந்துவிட்டன. கொலையைவிட இந்த வேகத்துக்குத்தான் விளக்கம் தேவைப்படுகிறது.

விளக்கம் படைதிரட்டலில் இருக்கிறது. அன்றைய ஐரோப்பிய வல்லரசுகளில் பிரிட்டன் தவிர மற்றவை கட்டாய ராணுவ சேவையை நம்பியிருந்தன. இளைஞர்கள் இரண்டு மூன்று ஆண்டு பயிற்சி பெற்று வீடு திரும்புவார்கள். அழைப்பு வந்தால் மறுபடியும் போக வேண்டும். ஜெர்மனியின் சமாதான காலப் படை சுமார் எட்டு லட்சம் பேர்தான். போர் என்று வந்தால் அது முப்பது லட்சத்தைத் தாண்டும். உழவரையும் தச்சரையும் பள்ளி ஆசிரியரையும் இரண்டே வாரத்தில் எல்லைக்குக் கொண்டுபோய் நிறுத்த ரயிலை விட்டால் வேறு வழி கிடையாது.

ஜெர்மன் படையில் 'கோர்' எனப்படும் பெரும்பிரிவு ஒன்றை, அதன் குதிரைகள், பீரங்கிகள், உணவு வண்டிகளோடு நகர்த்த 6,010 பெட்டிகள் வேண்டும். அதாவது 140 ரயில்கள். அப்படிப்பட்ட கோர்கள் பல பத்து. திட்டத்தில் மொத்தம் 11,000 ரயில்கள் இருந்தன. ஆகஸ்ட் 2 முதல் 18 வரை கொலோன் நகரின் ஹோகென்சொல்லர்ன் பாலத்தின் வழியாக மட்டும் 2,150 ரயில்கள், சுமார் பத்து நிமிடத்துக்கு ஒன்றாகக் கடந்தன.

ஒரே பாதையில் இவ்வளவு ரயில்களை விடுவது எப்படி? நம் ஊர் ஸ்டேஷனில் விரைவு ரயிலுக்கு வழிவிட்டுப் பாசஞ்சர் ரயில் லூப் லைனில் காத்து நிற்பதைப் பார்த்திருப்போம். வேகம் மாறுபட்டால் முந்திச் செல்ல இடம் வேண்டும், காத்திருக்க நேரம் வேண்டும்; பாதையின் கொள்ளளவு குறைந்துவிடும். ஆகவே ராணுவ அட்டவணை எல்லா ரயில்களையும் ஒரே மெதுவான வேகத்தில் ஓட்டியது. வேகத்தை இழந்து எண்ணிக்கையைப் பெற்றார்கள். எந்த ரயில் எங்கே தண்ணீர் பிடிக்கும், வீரர்களுக்குச் சாப்பாடு எந்த ஸ்டேஷனில், காலிப் பெட்டிகள் எந்தத் தடத்தில் திரும்பும் என்பதெல்லாம் முன்கூட்டியே எழுதப்பட்டிருந்தன. ஒன்றைத் தொட்டால் அதன் பின்னால் வரும் நூறு ரயில்கள் குலையும். அதனால் பாதியில் நிறுத்துவதோ திசை மாற்றுவதோ அந்த அமைப்பின் கணக்கிலேயே இல்லை.

செர்பியாவுக்குத் துணை நின்ற ரஷ்யாவில் நடந்ததைப் பாருங்கள். ஜூலை 29 அன்று ஜார் இரண்டாம் நிக்கோலஸ் பொதுப் படைதிரட்டலுக்கு ஒப்புதல் தந்தார். அன்று இரவு கெய்சரிடமிருந்து தந்தி வந்ததும் மனம் மாறி, ஆஸ்திரியாவை மட்டும் எதிர்கொள்ளும் பகுதிப் படைதிரட்டலாக அதைக் குறைத்தார். தளபதிகள் பதறினார்கள். பகுதியளவு திரட்ட முறையான திட்டமே அவர்களிடம் இல்லை. அரைகுறையாகத் தொடங்கினால் பிறகு முழுமையாகத் திரட்டவும் முடியாமல் போகும் என்றார்கள். மறுநாள் வெளியுறவு அமைச்சர் சசோனோவ் வற்புறுத்தியதில் ஜார் இணங்கினார். இந்த முறை உத்தரவு கிடைத்தால் யாரும் தன்னைக் கூப்பிட்டு ரத்து செய்ய முடியாதபடி தொலைபேசியையே உடைத்துவிடுவேன் என்று தலைமைத் தளபதி யானுஷ்கேவிச் முன்பே சொல்லி வைத்திருந்தார்.

ஜெர்மனியின் நிலை இன்னும் இறுக்கமானது. முன்னாள் தலைமைத் தளபதி ஷ்லீஃபென் வகுத்த திட்டத்தின் வழிவந்த அதன் போர்த் திட்டப்படி, ரஷ்யா முழுதாகத் திரளுமுன் சுமார் ஆறு வாரத்தில் அதன் கூட்டாளியான பிரான்ஸை வீழ்த்தியாக வேண்டும். அதற்கு பெல்ஜியத்தின் லியேஜ் கோட்டைகளைத் தொடக்க நாட்களிலேயே பிடிக்க வேண்டும். கிழக்கே மட்டும் போரிடும் மாற்றுத் திட்டத்தைப் புதுப்பிப்பதை 1913-லேயே நிறுத்திவிட்டார்கள். ஆகஸ்ட் 1 அன்று, பிரான்ஸைத் தாக்காவிட்டால் பிரிட்டன் ஒதுங்கியிருக்கக்கூடும் என்று லண்டன் தூதரிடமிருந்து தந்தி வந்தபோது, முழுப் படையையும் ரஷ்யாவை நோக்கித் திருப்புங்கள் என்றார் கெய்சர். முடியாது என்று கையை விரித்தார் தலைமைத் தளபதி மோல்ட்கே. ராணுவ ரயில் பிரிவுக்கு முன்பு தலைவராக இருந்த ஸ்டாப்ஸ், அது முடிந்திருக்கும் என்று போருக்குப் பிறகு எழுதினார்.

இங்கே ஓர் எச்சரிக்கை. யாரும் விரும்பாத போர், அட்டவணை இழுத்துக்கொண்டு போய்விட்டது என்று சிலர் சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. ஜூலை 5, 6 தேதிகளில் ஆஸ்திரியா என்ன செய்தாலும் துணை நிற்போம் என்று பெர்லின் வாக்குக் கொடுத்தது. ஜூலை 23 அன்று ஏற்க முடியாத நிபந்தனைகளோடு செர்பியாவுக்கு 48 மணி நேரக் கெடு வைத்தது ஆஸ்திரியத் தலைநகர் வியன்னா. தெரிந்தே செய்த முடிவுகள் அவை. தென்கிழக்கு ஐரோப்பாவின் பால்கன் பகுதிச் சண்டையாக நின்றிருக்கக்கூடியதை ஒரே வாரத்தில் கண்டத்தின் போராக்கியதில்தான் ரயிலின் பங்கு இருக்கிறது.

ரயில் மட்டும் இருந்தால் போதுமா? அதில் ஏற ஆள் வேண்டும். பிரெஞ்சு அரசு சுமார் 13 சதவீதம் பேர் அழைப்பை மறுப்பார்கள் என்று கணக்குப் போட்டிருந்தது. போர் வந்தால் கைது செய்ய வேண்டிய சோஷலிஸ்டுகள், தொழிற்சங்கத்தினர் பெயர்ப் பட்டியலும் தயாராக இருந்தது. கைதுகள் தேவைப்படவில்லை, மறுத்தவர்கள் ஏறக்குறைய 1.5 சதவீதம் மட்டுமே. போருக்கு எதிராகக் குரல் கொடுத்த ழான் ழோரேஸை ஜூலை 31 அன்று பாரிஸ் உணவகமொன்றில் ஒரு தேசியவாதி சுட்டுக் கொன்றான். ஆகஸ்ட் 4 அன்று ஜெர்மன் சோஷலிஸ்டுகள் போர்ச் செலவுக்கு ஆதரவாக வாக்களித்தார்கள். எல்லாரும் ஆரவாரத்தோடு போகவில்லை. கிராமங்களில் அழுகையும் கவலையுமே அதிகம். இருந்தாலும் போனார்கள். தாய்நாடு தாக்கப்பட்டுவிட்டது, காப்பது கடமை என்று ஒவ்வொரு நாட்டுக்காரனும் மனதார நம்பினான். இரண்டு தலைமுறைப் பள்ளிக்கூடமும் படைமுகாமும் பத்திரிகையும் ஊட்டி வளர்த்த நம்பிக்கை அது. அட்டவணைக்கு உயிர் கொடுத்தது அதுதான்.

நான்கு ஆண்டுகளில் சுமார் 90 லட்சம் வீரர்கள் மாண்டார்கள். இந்தியாவிலிருந்து பத்து லட்சத்துக்கும் அதிகமானோர் கடல் கடந்து போனார்கள், 70,000-க்கும் மேற்பட்டோர் திரும்பவில்லை. 1914 செப்டம்பர் 22 இரவில் ஜெர்மனியின் எம்டன் கப்பலின் குண்டுகள் சென்னைத் துறைமுகத்தின் எண்ணெய்த் தொட்டிகளைக் கொளுத்தின. ஆஸ்திரிய, ரஷ்ய, ஜெர்மன், ஒட்டோமான் பேரரசுகள் நான்கும் சரிந்தன.

அந்த இடத்தில் எழுந்தது இன்னும் அதிகத் தேசியவாதம். ஓர் இனத்துக்கு ஒரு நாடு என்று வரைபடம் வரைய முயன்றார்கள். ஆனால் மனிதர்கள் அப்படிப் பிரிந்து வாழ்ந்திருக்கவில்லை. புதிய செக்கோஸ்லோவாகியாவில் சுமார் 30 லட்சம் ஜெர்மானியர்கள் இருந்தார்கள். 1938-ல் ஹிட்லர் அந்த நாட்டைத் துண்டாட அவர்களையே சாக்காக எடுத்துக்கொண்டார். 1920-ன் த்ரியானோன் ஒப்பந்தத்தில் ஹங்கேரி மூன்றில் இரண்டு பங்கு நிலத்தை இழந்தது. சுமார் 30 லட்சம் ஹங்கேரியர்கள் எல்லைக்கு வெளியே போனார்கள். கிரேக்கமும் துருக்கியும் 1923-ல் மக்களையே மாற்றிக்கொண்டன. மதம்தான் அளவுகோல். துருக்கி மொழி மட்டுமே தெரிந்த அனத்தோலியக் கிறிஸ்தவர்கள் கிரேக்கர் என்று அனுப்பப்பட்டார்கள். கிரேக்கம் பேசிய கிரீட் தீவு முஸ்லிம்கள் துருக்கியர் என்று கப்பல் ஏற்றப்பட்டார்கள். அவர்களுடைய சம்மதத்தை யாரும் கேட்கவில்லை.

வேகம் என்ற சிக்கலைக் கையில் எடுக்க இன்னொரு உலகப் போரும் கியூபா ஏவுகணை நெருக்கடியும் தேவைப்பட்டன. 1963-ல் மாஸ்கோவும் வாஷிங்டனும் நேரடித் தொடர்பு இணைப்பை அமைத்துக்கொண்டன. 1975-ன் ஹெல்சின்கி உடன்பாடு 25,000 பேருக்கு மேல் பங்கேற்கும் ராணுவப் பயிற்சிகளை 21 நாட்களுக்கு முன்பே அறிவிக்கச் சொன்னது. 1986-ல் ஸ்டாக்ஹோமில் அந்த அவகாசம் 42 நாட்களாக நீண்டது. எண்ணிக்கை வரம்பு 13,000 ஆகக் குறைந்தது. பெரிய பயிற்சிகளைப் பார்வையிட மற்ற நாடுகளின் அதிகாரிகளை அழைப்பதும் கட்டாயமாயிற்று. 1914 ஜூலையில் எந்த அமைச்சருக்கும் கிடைக்காத அவகாசத்தை இந்த விதிகள் கணக்குப் பார்த்து ஒதுக்கித் தந்தன.