சொரசொரப்பைத் தேய்த்தால் முயல் ஏன் சிறுத்துப்போகிறது?

முப்பரிமாண வரைகலையில் கொஞ்சமாவது கை வைத்தவர்களுக்கு ஸ்டான்ஃபோர்ட் முயலைத் தெரியாமல் இருக்காது. கலிஃபோர்னியாவின் பாலோ ஆல்டோவில், யுனிவர்சிட்டி அவென்யூவிலுள்ள ஒரு கடையில் ஈஸ்டர் சமயத்தில் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழக ஆய்வாளர் கிரெக் டர்க் வாங்கிய சுடுமண் பொம்மை அது. அவரும் அங்கேயே இருந்த மார்க் லெவாயும் அதை லேசர் ஸ்கேனரில் பல கோணங்களில் அளந்து, கிடைத்த துண்டுகளை ஒட்டி 1994-இல் ஒரே உருவமாக்கினார்கள். அன்றிலிருந்து இந்தத் துறையில் யார் புது முறை கண்டுபிடித்தாலும் முதலில் மாட்டுவது இந்த முயல்தான், நாமும் அதையே பிடித்துக்கொள்வோம்.

முயலின் கணினிக் கோப்பைத் திறந்தால் 69,451 முக்கோணங்கள் இருக்கும். அவ்வளவுதான், வளைவு என்று எதுவும் அதில் எழுதப்படவில்லை. ஒவ்வொரு முனைக்கும் இடத்தைக் குறிக்கும் மூன்று எண்கள், எந்த மூன்று முனைகள் சேர்ந்து ஒரு முக்கோணம் என்ற பட்டியல், வேறொன்றும் கிடையாது. ஆனால் இந்த வறட்டுப் பட்டியலிலிருந்தே நிறையக் கறக்கலாம். மொத்த முனைகள் 35,947 என்று கோப்பு சொல்லும், அதில் 1,113 எந்த முக்கோணத்திலும் சேராத உதிரிகள், அவற்றைத் தள்ளினால் மிச்சம் 34,834. விளிம்புகள் 1,04,288. இப்போது 18-ஆம் நூற்றாண்டில் கணித மேதை ஆய்லர் கண்ட கணக்கைப் போடுங்கள்: முனைகளிலிருந்து விளிம்புகளைக் கழித்து முக்கோணங்களைக் கூட்டினால் −3 வருகிறது. முழுக்க மூடிய, கைப்பிடி மாதிரி எதுவும் இல்லாத உருவம் என்றால் 2 வந்திருக்க வேண்டும், ஒவ்வொரு ஓட்டைக்கும் ஒன்று குறையும். முயலில் கைப்பிடி எதுவும் இல்லை என்று தெரிந்தால் போதும், 5 ஓட்டைகள் என்று படத்தை ஒருமுறைகூடப் பார்க்காமலே சொல்லிவிடலாம். எல்லாம் அடிப்பாகத்தில் இருக்கின்றன. இரண்டு அசல் பொம்மையிலேயே உள்ளவை, மற்ற மூன்றும் ஸ்கேனரின் பார்வை எட்டாமல் விட்டுப்போனவை.

சரி, விஷயத்துக்கு வருவோம். எந்த ஸ்கேனரும் துல்லியமாக அளக்காது. ஒவ்வொரு முனையும் இருக்க வேண்டிய இடத்திலிருந்து ஒரு துளி உள்ளே தள்ளியோ வெளியே தள்ளியோ பதிவாகும், அதனால் வழவழப்பான முதுகுகூட உப்புத்தாள் மாதிரி தெரியும். இதைச் சரிசெய்ய யாருக்கும் முதலில் தோன்றும் வழி, ஒரு முனையைச் சுற்றியுள்ள முனைகளின் சராசரி இடத்தைக் கண்டுபிடித்து, இந்த முனையை அந்தப் பக்கம் கொஞ்சம், பாதித்தூரம் என்று வைத்துக்கொள்ளுங்கள், நகர்த்துவது. எல்லா முனைகளுக்கும் செய்து, திரும்பத் திரும்பச் செய்தால் சொரசொரப்பு மறைந்துவிடும். முனைக்கும் அண்டை முனைகளின் சராசரிக்கும் உள்ள அந்த வித்தியாசத்துக்குத்தான் லேப்லாசியன் என்று பெயர்.

சிக்கல் என்னவென்றால், முயலும் சேர்ந்து கரையும். ஒரு பந்தின் மேல் ஒரு முனையை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் அண்டை முனைகளும் பந்தின் மேல்தான் இருக்கின்றன, ஆனால் அவற்றின் சராசரி பந்துக்கு உள்ளே விழும், எப்போதுமே. எனவே ஒவ்வொரு சுற்றிலும் பந்து சின்னதாகும். எங்கே வளைவு அதிகமோ அங்கே வேகமும் அதிகம், அதனால்தான் முயலுக்கு முதலில் காதுகள் போகின்றன. பொம்மைக்கு இதனால் நஷ்டமில்லை. சிடி ஸ்கேனிலிருந்து எடுத்த தாடை எலும்பின் உருவத்தை வழவழப்பாக்கி, அதற்குப் பொருந்த ஓர் உலோகத் தகடு செய்யப்போகிறோம் என்றால் அரை மில்லிமீட்டர் சுருங்குவதும் வினைதான்.

1995-இல் ஐபிஎம்-மில் இருந்த கேப்ரியல் டோபின் கொடுத்த தீர்வு, முதல்முறை படித்தபோது எனக்கு ஏமாற்று வேலை மாதிரி இருந்தது: ஒரு சுற்று சராசரியை நோக்கி 0.5 பங்கு நகர்த்து, அடுத்த சுற்றில் சராசரியை விட்டு எதிர்த்திசையில் 0.53 பங்கு தள்ளு. முப்பரிமாண உருவங்களைத் திருத்த உதவும் மெஷ்லேப் மென்பொருளில் இன்றும் தானாக வந்து நிற்கும் எண்கள் இவைதான். முன்னே போனதைவிட அதிகமாகப் பின்னே வந்தால் சொரசொரப்பு எப்படிக் குறையும்?

பாட்டை பேஸ், டிரெபிள் என்று பிரித்துக் கூட்டிக் குறைப்பதைப் போல, முயலின் வடிவத்தையும் அலைகளாகப் பிரிக்கலாம். உடம்பு, தலை, காது எல்லாம் மெதுவாக ஏறி இறங்கும் நீண்ட அலைகள், ஸ்கேனர் விட்ட பிழையோ முனைக்கு முனை துள்ளும் குட்டி அலைகள். ஒவ்வோர் அலைக்கும் 0-விலிருந்து 2 வரை ஓர் எண் உண்டு, துள்ளல் அதிகமானால் எண்ணும் அதிகம். 0.5 பங்கு நகர்த்தும்போது எண் 1 உள்ள அலை பாதியாகக் குறையும், எதிர்ச்சுற்றில் அது 1.53 மடங்காகும், இரண்டையும் பெருக்கினால் 0.765. பத்து முறை செய்தால் சுமார் 7 சதவீதம்தான் மிஞ்சும். எண் 0.1 உள்ள நீண்ட அலைக்கு அதே கணக்கைப் போட்டால் 0.95 × 1.053, கிட்டத்தட்ட 1, அதாவது அசையவே இல்லை. எதிர்ச்சுற்று இல்லாமல் அதே 20 முறை வெறும் சராசரி மட்டும் எடுத்திருந்தால் அந்த நீண்ட அலையில் 36 சதவீதம்தான் தேறியிருக்கும்.

இன்னொரு குறையும் இருந்தது. வெறும் சராசரி முக்கோணங்கள் எல்லாம் ஒரே அளவு என்று நினைத்துக்கொள்கிறது. ஒரு பக்கம் குட்டிக் குட்டி முக்கோணங்களும் மறுபக்கம் பெரியவையும் இருந்தால், தட்டையான தரையில் இருக்கும் முனைகூடக் காரணமில்லாமல் பக்கவாட்டில் வழுக்கும். அதற்கு 1993-இல் பிங்கால், போல்தியர் என்ற இரு கணிதவியலாளர்கள் எழுதிய எடைகள் உதவுகின்றன: ஒரு விளிம்புக்கு இருபுறமும் உள்ள முக்கோணங்களில், அந்த விளிம்புக்கு எதிரே இருக்கும் இரண்டு கோணங்களின் கோடேன்ஜென்ட்டைக் கூட்டி அதை எடையாக வை. பள்ளியில் எதற்கென்று தெரியாமல் மனப்பாடம் செய்த அதே கோடேன்ஜென்ட்தான். இந்த எடையில், தட்டையான இடத்தில் வித்தியாசம் சரியாக 0 வரும், வளைந்த இடத்தில் வரும் விடை உண்மையான வளைவைக் காட்டும். ஆனால் அந்த இரு கோணங்களின் கூட்டல் 180 பாகையைத் தாண்டினால் எடை எதிர்மறையாகி வம்பு செய்யும், அதனால்தான் ஒல்லியாக நீண்ட முக்கோணங்களைக் கண்டால் இந்த வேலை செய்பவர்களுக்கு எரிச்சல்.

முனைக்கும் சராசரிக்கும் உள்ள இதே வித்தியாசத்தைக் குறைப்பதற்குப் பதில் காப்பாற்றினால் வேறொரு வித்தை நடக்கும். முயலின் கால்களை அசையாமல் பிடித்துக்கொண்டு காது நுனியை மவுஸால் இழுக்கிறீர்கள். மற்ற முனைகள் எங்கே போக வேண்டும்? எல்லா முனைகளிலும் பழைய வித்தியாசம் முடிந்தவரை அப்படியே இருக்கும்படி இடங்களைக் கண்டுபிடி, என்று சமன்பாடாக எழுதிவிடலாம். சுமார் 35,000 சமன்பாடுகள், அணியாக எழுதினால் 121 கோடி கட்டங்கள். பயப்பட வேண்டாம், ஒரு முனைக்குச் சராசரியாக 6 அண்டை முனைகள்தான், எனவே சுமார் 2.43 லட்சம் கட்டங்களைத் தவிர மற்றதெல்லாம் 0.

காதை 90 பாகை மடக்கினால் மட்டும் இது சொதப்பும், ஏனென்றால் வித்தியாசத்துக்குத் திசை உண்டு, காது திரும்பினால் அதுவும் கூடவே திரும்ப வேண்டும் என்று சமன்பாட்டுக்குத் தெரியாது. 2007-இல் ஓல்கா சோர்க்கின், மார்க் அலெக்சா இருவரும் கொடுத்த முறையில், ஒவ்வொரு முனையின் அக்கம்பக்கமும் எவ்வளவு திரும்பியிருக்கிறது என்று முதலில் கணித்து, அதை வைத்து முனைகளின் இடங்களைக் கண்டுபிடித்து, மறுபடி திருப்பத்தைக் கணித்து, இப்படி மாறி மாறிப் போவார்கள். அணி கடைசிவரை மாறாது என்பதால் அதை ஒரே ஒருமுறை காரணிப்படுத்தி, அதாவது சுலபமாகத் தீர்க்கக்கூடிய அணிகளின் பெருக்கமாகப் பிரித்து, வைத்துக்கொண்டால் போதும், மவுஸ் நகர நகரச் சமன்பாடுகளின் வலப்பக்க எண்களை மட்டும் மாற்றிக்கொண்டே போகலாம். நீங்கள் இழுக்கும் வேகத்துக்கு முயல் ஈடுகொடுப்பது அதனால்தான்.