கல்லூரியில் பணம் கட்டும் முன் போட வேண்டிய கணக்கு

“இவ்வளவு செலவு பண்ணிப் படிக்க வைக்கிறது தேவைதானா மேடம்?” கல்விக்கடன் கேட்டு வரும் அப்பாக்கள், படிவத்தைக் கையில் வாங்கிய பிறகும் தயங்கி நின்று கேட்கும் கேள்வி இது. சேலம், நாமக்கல், தருமபுரி பக்கத்து வங்கிக் கிளைகளில்தான் நான் அதிகம் வேலை பார்த்திருக்கிறேன். வருபவர்களில் தறி ஓட்டுபவர்கள், லாரி டிரைவர்கள், இரண்டு ஏக்கர் வைத்திருப்பவர்கள் அதிகம். அவர்கள் கேட்பதில் நியாயம் இருக்கிறது. பக்கத்துத் தெருப் பையன் பெயின்ட் வேலைக்குப் போய் ஒரு நாளைக்கு 900 ரூபாய் வாங்குகிறான். இன்ஜினியரிங் முடித்த அண்ணன் மகனோ மாதம் 15,000 ரூபாய்க்குப் போகிறான். பிறகு எதற்கு நான்கு வருடமும் சில லட்சங்களும்?

படிக்க வையுங்கள் என்றுதான் நான் சொல்வேன். கடன் கொடுக்கும் இடத்தில் இருப்பதால் சொல்வதல்ல, பாஸ்புக்குகளைப் பார்த்துச் சொல்வது. இருபது வயதில் பெயின்டரின் கணக்கில் வரவு அதிகம்தான். நாற்பதைத் தாண்டியதும் முதுகுவலி, மூட்டுவலி என்று வேலை நாட்கள் குறையும், வரவும் குறையும். மழைக்காலத்தில் சில வாரம் ஒன்றுமே வராது. 15,000-க்குச் சேர்ந்தவருக்கு அந்த வயதில்தான் சம்பளம் ஏறிக்கொண்டிருக்கும், பி.எஃப். சேர்ந்துகொண்டிருக்கும். எல்லோருக்கும் இப்படி நடப்பதில்லை, ஆனால் பெரும்பாலானவர்களுக்கு நடப்பதைப் பார்த்திருக்கிறேன். 2021-22 அகில இந்திய உயர்கல்வி ஆய்வின்படி தமிழ்நாட்டில் கல்லூரி வயதுப் பிள்ளைகளில் 47 சதவீதம் பேர் உயர்கல்வியில் இருக்கிறார்கள், இந்திய அளவில் அது 28.4 சதவீதம்தான். இத்தனை பேர் பட்டத்தோடு வேலை தேடும் ஊரில் பட்டம் இல்லாத பிள்ளைக்கு முதல் வடிகட்டலிலேயே கதவு மூடிவிடும்.

ஆனால் எந்த விலை கொடுத்தாவது படிக்க வைக்க வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். படித்ததால் கெட்ட குடும்பத்தை நான் அநேகமாகப் பார்த்ததில்லை. தாங்க முடியாத விலை கொடுத்ததாலும், படிப்பு பாதியில் நின்றதாலும் கெட்ட குடும்பங்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

முதலில் விலை. ஒரு மாணவருக்கு வருடம் 1.25 லட்சம் வீதம் நான்கு வருடத்தில் 5 லட்சம் கடன், வட்டி 10 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். படிக்கும் காலமும் அதற்குப் பின் ஒரு வருடமும் தவணை கட்ட வேண்டாம். பலர் அந்தக் காலத்தில் வட்டியும் இல்லை என்று நினைத்துக்கொள்கிறார்கள். வட்டி ஓடிக்கொண்டுதான் இருக்கும். தவணை தொடங்கும் நாளில் அது 1.75 லட்சம் ஆகியிருக்கும், கடன் 6.75 லட்சமாக நிற்கும். பத்து வருடத்தில் அடைப்பதென்றால் மாதம் சுமார் 8,900 ரூபாய். பதினைந்து வருடமாக நீட்டினால் மாதத் தவணை 7,250-க்கு இறங்கும், ஆனால் மொத்தம் கட்டுவது 13 லட்சத்தைத் தாண்டிவிடும்.

இப்போது முதல் சம்பளத்தைப் பக்கத்தில் வையுங்கள். கையில் 20,000 ரூபாய் வரும் வேலை கிடைத்துச் சென்னைக்குப் போகும் பிள்ளைக்குத் தங்கும் இடத்துக்கும் சாப்பாட்டுக்குமே பாதி போய்விடும். அதில் 8,900 தவணை எப்படிக் கட்ட முடியும்? அதனால் நான் பெற்றோர்களிடம் சொல்லும் கணக்கு இது: எதிர்பார்க்கும் முதல் சம்பளத்தில் கால் பங்குக்கு மேல் தவணை போகக் கூடாது. 20,000 சம்பளத்துக்கு 5,000 தவணை. பின்னோக்கிப் போட்டுப் பார்த்தால் மொத்தக் கடன் சுமார் 2.8 லட்சத்துக்குள் நிற்க வேண்டும். எதிர்பார்க்கும் சம்பளத்தைக் கல்லூரி விளம்பரப் பலகையிலிருந்து எடுக்காதீர்கள். அந்தக் கல்லூரியில் அதே பிரிவில் போன வருடம் முடித்த நான்கைந்து பேரிடம் கேட்டு எடுங்கள்.

அந்த 2.8 லட்சத்துக்குள் முடியுமா? அரசு நடத்தும் கவுன்சிலிங் வழியாகப் போனால் முடியும். சுயநிதிப் பொறியியல் கல்லூரிகளில் கவுன்சிலிங் சீட்டுக்குக் கட்டண நிர்ணயக் குழு 2017-ல் வைத்தது வருடம் 50,000 ரூபாய், தர அங்கீகாரம் பெற்ற படிப்புக்கு 55,000. நான்கு வருடத்துக்கு 2.2 லட்சம். மேனேஜ்மென்ட் கோட்டாவுக்கு 85,000, 87,000 என்று வைத்தார்கள். ஹாஸ்டல், பஸ், தேர்வுக் கட்டணம் எல்லாம் தனி. குடும்பத்தில் முதல் பட்டதாரி என்றால் கவுன்சிலிங்கில் சேரும்போது கட்டணச் சலுகை உண்டு. அரசுப் பள்ளியில் படித்து 7.5 சதவீத இட ஒதுக்கீட்டில் பொறியியல் சேர்ந்தால் கல்விக் கட்டணம், ஹாஸ்டல் எல்லாவற்றையும் அரசே ஏற்கிறது. அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பிலிருந்து படித்த பெண்களுக்குப் புதுமைப் பெண் திட்டத்திலும், பையன்களுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டத்திலும் மாதம் 1,000 ரூபாய் கணக்கில் விழும். அரசு கலைக் கல்லூரி என்றால் வருடத்துக்குச் சில ஆயிரங்களோடு முடிந்துவிடும், அங்கே கடனே தேவைப்படாது.

மேனேஜ்மென்ட் கோட்டாவில் சேர்ந்தால் முதல் பட்டதாரிச் சலுகை போய்விடும். பட்டியலினப் பிள்ளைகளுக்கு மத்திய அரசின் போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகையும் 2018 விதிகளுக்குப் பிறகு அந்தக் கோட்டாவுக்குக் கிடையாது. பணம் கட்டிய பிறகுதான் இது தெரிகிறது என்று என் முன்னால் அழுத அம்மாக்கள் உண்டு.

எனக்கு ரொம்பவும் கோபம் வரும் விஷயம் ரசீது இல்லாத பணம். கல்லூரி தரும் கட்டண விவரத்தாளைப் பார்த்துத்தான் வங்கி கடன் தரும், நேராகக் கல்லூரிக் கணக்குக்கே அனுப்பும். அந்தத் தாளில் வராத ஒரு தொகையை ரொக்கமாகக் கேட்பார்கள். ஏஜென்ட் மூலம் போனால் அவருக்கும் ஒரு பங்கு. இந்தப் பணத்துக்கு வங்கிக் கடன் கிடைக்காது என்பதால் நகை அடகுக்குப் போகும், அதுவும் போதாவிட்டால் மாதம் நூற்றுக்கு மூன்று ரூபாய், ஐந்து ரூபாய் வட்டிக்கு வெளியில் வாங்குவார்கள். நூற்றுக்கு மூன்று என்றால் வருடத்துக்கு 36 சதவீதம். 2 லட்சம் வாங்கியிருந்தால் வருடம் 72,000 ரூபாய் வட்டிக்கே போகும், அது ஒரு வருடக் கவுன்சிலிங் கட்டணத்தை விட அதிகம். நான்கு வருடம் இந்த வட்டியைக் கட்டிய குடும்பம், பிள்ளை படிப்பை முடிக்கும்போது கல்விக்கடன் தவணையைக் கட்டும் நிலையில் இருக்காது. ரொக்கம் கேட்கும் இடத்தில் உங்கள் பிள்ளையைச் சேர்க்காதீர்கள். அதே பிரிவு, அதே பல்கலைக்கழகப் பட்டம், வேறொரு கல்லூரியில் கவுன்சிலிங்கில் காலியாக இருக்கும்.

ஒன்றைச் சேர்த்துச் சொல்கிறேன். சேர்ந்த பின் வேறு இடம் கிடைத்துக் கல்லூரியை விட்டு வரும்போது சான்றிதழைப் பிடித்துவைத்துக்கொள்வது அடிக்கடி நடக்கிறது. அசல் சான்றிதழ்களை எந்தக் கல்லூரியும் வைத்துக்கொள்ளக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு 2018-ல் தெளிவாகவே அறிவித்திருக்கிறது. சேர்க்கையின் கடைசித் தேதிக்குப் பதினைந்து நாள் முன்பே விலகினால் கட்டணம் அநேகமாக முழுவதும் திரும்ப வர வேண்டும் என்றும் அதில் இருக்கிறது. எழுத்தில் கேளுங்கள், கொடுத்த கடிதத்துக்கு நகல் வைத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம், பாதியில் நிற்கும் படிப்பு. வாராக்கடன் பட்டியலில் வரும் கல்விக்கடன்களைத் திறந்து பார்த்தால், வேலை கிடைக்காதவர்களுக்கு இணையாக, பட்டமே வாங்காதவர்கள் இருப்பார்கள். கல்லூரிக்கு நான்கு வருடமும் போயிருப்பார்கள், கணக்கில் நான்கு வருடக் கடனும் இருக்கும், கையில் ஆறேழு அரியர் இருக்கும். முதல் செமஸ்டர் கணக்குத்தாளில் விழுந்த பிள்ளை அடுத்தடுத்து விழுந்துகொண்டே போயிருப்பான், வீட்டில் யாருக்கும் தெரிந்திருக்காது. பட்டம் இல்லாமல் அந்த நான்கு வருடத்தை எந்த நிறுவனமும் கணக்கில் எடுப்பதில்லை. படிப்பையே பாதியில் விட்டுவிட்டால் வட்டிச் சலுகையும் போய்விடும். குடும்ப வருமானம் 4.5 லட்சத்துக்குள் இருந்தால், அங்கீகாரம் பெற்ற நிறுவனங்களில் தொழிற்கல்வி, தொழில்நுட்பப் படிப்புகளுக்குப் படிக்கும் காலத்து வட்டியை மத்திய அரசே கட்டும் திட்டம் ஒன்று உண்டு. படிப்பைப் பாதியில் விட்டவருக்கு, மருத்துவக் காரணம் தவிர, அது கிடையாது.

அதனால் கல்லூரியைத் தேர்ந்தெடுக்கும்போது கட்டடத்தைப் பார்க்காதீர்கள், தேர்ச்சி விகிதத்தைப் பாருங்கள். அண்ணா பல்கலைக்கழகம் தன் இணைப்புக் கல்லூரிகளின் தேர்ச்சி விகிதத்தைச் செமஸ்டர் வாரியாக வெளியிடுகிறது. நூறு பேர் எழுதி முப்பது பேர் கூடத் தேறாத கல்லூரியில் உங்கள் பிள்ளை அந்த முப்பதில் இருப்பானா என்று யோசியுங்கள். தமிழ் வழியில் படித்து வந்த பிள்ளைக்கு முதல் வருடம்தான் கஷ்டம். அந்த வருடம் டியூஷனுக்கோ சீனியர் உதவிக்கோ வழி செய்யுங்கள். ஒவ்வொரு செமஸ்டர் ரிசல்ட்டையும் பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள், திட்டுவதற்காக அல்ல, எங்கே சிக்கியிருக்கிறான் என்று தெரிந்துகொள்ள.

கணக்கில் ஆர்வமே இல்லாத, கையால் செய்வதில் கெட்டிக்காரப் பிள்ளைகளும் உண்டு. அவர்களுக்குப் பாலிடெக்னிக் நல்ல வழி. பத்தாவதுக்குப் பிறகு மூன்று வருட டிப்ளமோ, அப்புறம் விருப்பம் இருந்தால் நேராகப் பி.இ. இரண்டாம் வருடத்தில் சேர்ந்து மூன்று வருடம். பிளஸ் டூ படித்து நான்கு வருடம் பி.இ. முடிப்பவருக்கு ஆகும் அதே ஆறு வருடம்தான். நடுவில் வேலைக்குப் போகத் தகுந்த ஒரு சான்றிதழும் கையில் இருக்கும்.

கடன் வாங்குவதென்று முடிவு செய்துவிட்டால், படிக்கும் காலத்திலேயே வட்டியை மட்டும் கட்டிவரப் பாருங்கள். மேலே சொன்ன கடனில் முதல் வருட வட்டி மாதம் ஆயிரத்துச் சொச்சம்தான். அப்படிக் கட்டினால் 1 சதவீதம் வரை வட்டி குறைக்கவும் வங்கிகளுக்கு இடம் இருக்கிறது. 4 லட்சம் வரை சொத்து ஈடு கேட்கக் கூடாது. கேட்டால் மேலாளரிடம் எழுத்தில் காரணம் கேளுங்கள். வட்டி மானியத்துக்குத் தாசில்தாரின் வருமானச் சான்றிதழைக் கடன் வாங்கும்போதே கொடுத்துவிடுங்கள். சில வருடம் கழித்துக் கொண்டுவந்து பயன் இல்லாமல் போனவர்கள் நிறையப் பேர்.

ஏற்கெனவே கடன் வாங்கி, படித்து முடித்து, வேலை கிடைக்காமல் இருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. வங்கியிலிருந்து போன் வந்தால் எடுக்காமல் இருக்காதீர்கள். மூன்று தவணை தவறினால் கணக்கு வாராக்கடன் ஆகிவிடும், கடனை ஒழுங்காகக் கட்டுகிறோமா என்று காட்டும் சிபில் மதிப்பெண் கெட்டுப்போகும், கூடக் கையெழுத்துப் போட்ட அப்பாவின் சிபிலும் கெடும். அவருக்கு அடுத்து ஒரு டிராக்டர் கடன் கூடக் கிடைக்காது. வேலை இல்லாத காலத்துக்கும் சம்பளம் மிகக் குறைந்த காலத்துக்கும் அவகாசம் கொடுக்கக் கல்விக்கடன் திட்டத்திலேயே இடம் இருக்கிறது. முதல் தவணைத் தேதிக்கு முன்பே கிளைக்கு வந்து, நிலைமையை ஒரு பக்கக் கடிதமாக எழுதிக் கொடுத்து, அவகாசம் கேளுங்கள். மதிப்பெண் பட்டியலின் நகலையும், ஏதாவது வேலையில் இருந்தால் சம்பளச் சீட்டையும் கொண்டு வாருங்கள். அப்பாவையும் கூட்டி வாருங்கள், கையெழுத்து அவருடையதும் வேண்டும்.