கற்றளி: சொல்லும் பொருளும்

கல் + தளி = கற்றளி. நிலைமொழி ஈற்று லகரமும் வருமொழி முதல் தகரமும் சேர்ந்து றகரமாய் இரட்டித்த புணர்ச்சி இது. தளி என்றால் கோயில். மழைத்துளியைக் குறிக்கும் தளியும் பழம்பாடல்களில் உண்டு. அது வேறு சொல். கச்சி மேற்றளி, பழையாறை வடதளி முதலிய தேவாரத் தலப்பெயர்களில் நிற்பது கோயில் தளி. தஞ்சைக் கல்வெட்டில் கோயில் ஆடல்மகளிர் குடியிருந்த தெருவின் பெயர் தளிச்சேரி.

வெட்டியெடுத்த கற்களை வரிவரியாக அடுக்கிக் கட்டிய கோயிலே கற்றளி. வரலாற்று நூல்கள் இதைக் ‘கட்டுமானக் கோயில்’ என்று எழுதுகின்றன. செங்கல் கோயிலும் கட்டுமானம்தானே! ‘கற்கோயில்’ என்றாலோ மலையைக் குடைந்ததும் அதில் அடங்கிவிடும். இரண்டு குழப்பமும் இல்லாத சொல் கற்றளி. முதலாம் இராசராசனே தஞ்சைக் கோயிலை ‘நாம் எடுப்பித்த திருக்கற்றளி’ என்றுதான் கல்வெட்டில் குறிக்கிறான்.

விழுப்புரம் மாவட்டத்து மண்டகப்பட்டுக் கோயிலைக் கற்றளி என்று எழுதுவது பரவலான பிழை. செங்கல், மரம், உலோகம், சுதை ஆகியவை இன்றி நான்முகன், ஈசன், திருமால் மூவருக்கும் கோயில் எடுத்ததாக பல்லவ மன்னன் முதலாம் மகேந்திரவர்மனின் வடமொழிக் கல்வெட்டு அங்கே சொல்கிறது. ஆனால் அது பாறைக்குள் குடைந்த குடைவரை. மாமல்லபுரத்து ஐந்து ரதங்களும், இராட்டிரகூடர் முதலாம் கிருஷ்ணன் காலத்து எல்லோரா கைலாசநாதரும், கழுகுமலை வெட்டுவான் கோயிலும் மேலிருந்து கீழாகச் செதுக்கிய ஒற்றைக்கல் தளிகள். இராசசிம்மப் பல்லவன் கட்டிய மாமல்லபுரம் கடற்கரைக் கோயில், காஞ்சி கைலாசநாதர் கோயில் இரண்டும் கற்றளிகள். நேரில் பிரித்தறிய, சுவரில் கல்லும் கல்லும் சேரும் இணைப்புக் கோட்டைத் தேடுங்கள். குடைவரையிலும் ஒற்றைக்கல் தளியிலும் அது இராது. காஞ்சி கைலாசநாதரில் இன்னொன்றையும் பார்க்கலாம்: அடிவரிசை கருங்கல், மேலே மணற்கல். மணற்கல் பொரிந்து உதிர்வதால்தான் அங்கே பிற்காலச் சுதைப்பூச்சு இத்தனை இடங்களில் ஏறியிருக்கிறது.

சையமலை (மேற்குத் தொடர்ச்சி மலை) முதல் கடல் வரை காவிரிக் கரைகளில் ஆதித்த சோழன் சிவனுக்குக் கற்கோயில்கள் எடுத்ததை அன்பில் செப்பேடு பாராட்டுகிறது. அவனுக்குப் பின் இந்தப் பணியில் தனித்து நிற்பவர் சோழ அரசி செம்பியன் மாதேவி. பழைய செங்கல் தளிகள் பலவற்றை அவர் கற்றளிகளாக மாற்றினார். திருநல்லத்தில், அதாவது இன்றைய கோனேரிராசபுரத்தில், கணவர் கண்டராதித்தர் பெயரால் கற்றளி எடுத்து, அவர் இலிங்கத்தை வழிபடும் உருவத்தைச் சுவரில் செதுக்க வைத்தார்.

கோயிலின் காலத்தைக் கணிப்பவர்கள் தடுக்கி விழும் இடமும் இதுவே. பழைய தளியைப் பிரிக்கும்போது அதிலிருந்த கொடைக் கல்வெட்டுகள் அழிந்தால் கோயிலின் நிலவுரிமைக்குச் சான்று போய்விடும். அதனால் அவற்றைப் படியெடுத்துப் புதுச் சுவரில் மறுபடி வெட்டினார்கள். திருக்கோடிக்காவலில் அப்படி வெட்டியவற்றில் ‘இதுவும் ஒரு பழங்கற்படி’, அதாவது பழைய கல்வெட்டின் நகல், என்ற குறிப்பே இருக்கிறது. அங்கே பல்லவ மன்னன் பெயரைப் படித்ததும் சுவரைப் பல்லவர் காலம் என்று முடிவுகட்டினால் தவறிவிடும். சுவர் சோழர் காலத்தது, வாசகம் மட்டுமே பழையது. திருமழபாடியிலும் இராசராசன் ஆணைப்படி விமானத்தைப் பிரிக்குமுன் கல்வெட்டுகளைப் புத்தகத்தில் எழுதிவைத்து, முதலாம் இராசேந்திரன் காலத்தில் மீண்டும் கல்லில் பொறித்தார்கள். ஆகவே மன்னன் பெயரோடு எழுத்தின் வடிவத்தையும் ஒப்பிட வேண்டும். எட்டாம் அல்லது ஒன்பதாம் நூற்றாண்டு மன்னனின் ஆணை பத்தாம் நூற்றாண்டு எழுத்தில் இருந்தால் அது படி.

திருப்பணியில் நேரும் சேதம் வேறு வகை. கற்றளிக் கல்வெட்டின் ஒரு வரி பல கற்களைத் தாண்டி ஓடும். எண்ணிடாமல் பிரித்த கற்களை வரிசை மாற்றி அடுக்கினால் பாதி வரி ஒரு சுவரிலும் மீதி வேறொன்றிலும் போய்ச் சேரும்; தலைகீழாய் நிற்கும் கல்லும் உண்டு. பிரிக்குமுன் ஒவ்வொரு கல்லுக்கும் வரிசை எண், இட எண் இரண்டையும் பிறகு கழுவி நீக்கக்கூடிய வண்ணத்தில் எழுதி, சுவரை முழுதாகப் படமெடுத்து, கல்வெட்டுப் பகுதியை மைப்படி (மையொற்றித் தாளில் எடுக்கும் படி) எடுத்து வைத்தால் இந்தச் சேதம் நேராது. கல்லைத் தூய்மை செய்ய மணலை வீசியடிப்பது கூடவே கூடாது. எழுத்தின் விளிம்பைத்தான் அது முதலில் தின்னும்.