இயந்திர வாளின் கிளட்சும் எண்ணெய் பம்பின் பற்சக்கரமும்

மலையகத்தின் தேயிலைத் தொழிற்சாலைகளில் கொழுந்தை உலர்த்தும் அடுப்புகளுக்காகத் தோட்டங்களில் யூக்கலிப்டஸ் வளர்க்கப்படுகிறது. அம்மரங்களை வீழ்த்தித் துண்டுபோடும் இயந்திர வாள்களைப் பற்றி எழும் முறைப்பாடுகளுள் ஒன்று, செயினுக்கு ஒயில் வருவதில்லை என்பதாகும். திறந்து பார்த்தால், எண்ணெய் பம்பை இயக்கும் சிறிய பிளாஸ்டிக் பற்சக்கரம் உருகியோ பல் மழுங்கியோ கிடக்கும். காசை மிச்சம் பிடிக்கப் பிளாஸ்டிக்கில் செய்துவிட்டார்கள் என்று உற்பத்தியாளரைத் திட்டுவது எளிது. ஆனால் தவறு பல வேளைகளில் அதன் பக்கத்திலேயே இருக்கும் கிளட்சில்தான் இருக்கிறது.

இயந்திர வாளின் கிளட்ச் மையவிலக்கு விசையால் இயங்குவது. கிராங்க் தண்டின் முனையில் பொருத்தப்பட்ட உலோகக் கட்டைகளைச் சுருள்வில் ஒன்று உள்நோக்கி இழுத்துப் பிடித்திருக்கும். வேகம் இரட்டித்தால் மையவிலக்கு விசை நான்கு மடங்காகும் என்பதால், எஞ்சின் வெறுமனே ஓடும் நிமிடத்திற்கு ஏறத்தாழ 2,800 சுற்றுகளில் அடங்கியிருக்கும் கட்டைகள், 4,000 சுற்றுகளை நெருங்கும்போது விரிந்து, சுற்றியுள்ள உருளையை அழுத்திப் பிடித்துச் சுழற்றத் தொடங்குகின்றன. உருளையோடு சேர்ந்திருக்கும் ஸ்ப்ரொக்கெட் என்னும் பற்சில்லு செயினை ஓட்டுகிறது. 3/8 அங்குலச் செயினும் 7 பல் ஸ்ப்ரொக்கெட்டும் உள்ள வாளில், 10,000 சுற்றுகளில் செயின் செக்கனுக்கு ஏறத்தாழ 22 மீட்டர் ஓடுகிறது. அந்த வேகத்தில் எண்ணெய் சற்று நேரம் நின்றாலும், செயின் சுற்றியோடும் இரும்புப் பட்டையின் விளிம்பு சூட்டால் நீலம் பாயும்.

கிளட்சை இரண்டு விதமாக அமைக்கிறார்கள். ஸ்ப்ரொக்கெட் வெளியிலும் கிளட்ச் உள்ளேயும் இருந்தால், செயினை மாட்டுவதும், தேய்ந்த ஸ்ப்ரொக்கெட்டை ஒரு சிறு வளையக் கொக்கியைக் கழற்றி மாற்றுவதும் சுலபம். கிளட்ச் வெளியிலும் ஸ்ப்ரொக்கெட் உள்ளேயும் இருந்தால், செயின் எஞ்சினுக்கு நெருக்கமாக ஓடுவதால் தண்டை வளைக்கும் இழுவை குறைகிறது, வாளும் கையில் சமநிலையாக நிற்கிறது. ஆனால் ஸ்ப்ரொக்கெட்டை மாற்றக் கிளட்சையே கழற்ற வேண்டும். சரிவில் நின்று அடிக்கடி செயின் மாற்றுபவருக்கு முதல் அமைப்பே வசதி என்பது என் கருத்து.

எந்த அமைப்பாயினும் பம்பை ஓட்டும் திருகுப் பற்சக்கரம் தண்டின் மேல், கிளட்சுக்கும் எஞ்சின் உடலுக்கும் இடையிலேயே அமர்ந்திருக்கும். பல வாள்களில் அதன் கம்பிக் கையோ காதோ உருளையின் வெட்டில் மாட்டிக்கொள்வதால், செயின் ஓடும்போது மட்டுமே எண்ணெய் வருகிறது. வேறு சிலவற்றில் அது தண்டோடு நேரடியாகப் பிணைக்கப்பட்டு, செயின் நிற்கும்போதும் எண்ணெயைத் தள்ளிக்கொண்டிருக்கும். இத்திருகு, பம்பின் எஃகுத் தண்டில் வெட்டப்பட்ட பற்களைச் சுழற்றுகிறது. அத்தண்டு சுழலும்போதே ஒரு சாய்வான முகத்தால் முன்னும் பின்னும் நகர்ந்து எண்ணெயை உறிஞ்சித் தள்ளுகிறது.

எஃகோடு எஃகு உரசினால் பற்கள் ஒன்றையொன்று அரித்துவிடக்கூடும். ஆகவே திருகைப் பித்தளையிலோ பிளாஸ்டிக்கிலோ செய்வதற்குக் காரணம் உண்டு. பிளாஸ்டிக் எடை குறைந்தது, சத்தமில்லாதது, பம்ப் இறுகினால் மலிவான பாகமே முதலில் பலியாகும். அதன் பகை வெப்பம். நைலான் 6 உருகுவது ஏறத்தாழ 220 பாகை செல்சியஸில் என்றாலும், அதற்கு வெகு முன்பே இளகிப் பல்லின் வலிமையை இழக்கிறது. செயின் பிரேக்கைப் போட்டபடியே திராட்டலை அழுத்தினால் உருளை அசையாது நிற்க, கட்டைகள் அதன் உட்சுவரில் உரசிச் சில செக்கன்களிலேயே அந்த வெப்பத்தை உண்டாக்கிவிடும்.

மலையகத்தில் இதற்கு மேலும் இரண்டு காரணங்கள் உண்டு. ஏறத்தாழ 1,870 மீட்டர் உயரமுள்ள நுவரெலியாவில் காற்று கடல்மட்டத்தைவிட ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு அடர்த்தி குறைந்தது. கீழ்நாட்டில் சரிசெய்த வாள் இங்கே பெட்ரோல் மிகுந்து திணறும்போது, எஞ்சின் வெறுமனே ஓடும் அடங்கு வேகத்தை அதற்கான திருகாணியால் ஏற்றிவிடுகிறார்கள். அதே வாள் மீண்டும் கண்டிப் பக்கம் இறங்கும்போது வேகம் கூடி, கிளட்ச் அரைகுறையாகப் பிடித்து உரசிக்கொண்டே இருக்கும். இன்னொன்று, மலிவென்று ஊற்றப்படும் பழைய எஞ்சின் ஒயில். தை மாதக் குளிர்காலையில் அது இறுகி, பம்பைச் சுழற்ற வேண்டிய விசையைக் கூட்டுவதோடு, அதிலுள்ள உலோகத் துகள்கள் பம்பையும் தேய்க்கின்றன.

எனவே உருகிய திருகை மாற்றுமுன் உருளையின் நிறத்தைப் பார்க்க வேண்டும். நீலம் பாய்ந்திருந்தால் கிளட்ச் வழுக்கியிருக்கிறது. சுருள்வில்லையும் அடங்கு வேகத்தையும் சரிபார்க்காமல் பித்தளைத் திருகு போட்டால், அது உருகாது தப்பினாலும், அருகிலுள்ள ஒயில் சீலும் பிளாஸ்டிக் உறையும் அடுத்ததாக வேகும். உருளை வெளிறியிருந்து பற்கள் மட்டும் சீவப்பட்டிருந்தால், பம்பின் தண்டு விரலால் திருப்பினால் தடையின்றிச் சுழல்கிறதா என்று பார்ப்பதே முறை. கிளட்சைக் கழற்றும்போது, பெரும்பாலான வாள்களில் அதன் மரை இடப்பக்க மரை என்பதால், கடிகார முள் சுற்றும் திசையிலேயே திருப்ப வேண்டும்.