பாதை அடைபட்ட தோட்டமும் திரும்பி வரும் காலையும்

இலங்கை மலையகத்தின் அப்புத்தளைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில், மண்சரிவால் பாதை அடைபட்ட இரவில், பங்களாவில் ஒரு கொலை நடக்கிறது. பொழுது விடிந்து பெரட்டுக்கு, அதாவது வேலை பிரிக்கும் காலைக் கூட்டத்துக்கு, ஆள் கூடும்போது, கொலையுண்டவர் உயிரோடு அமர்ந்து தேநீர் அருந்திக்கொண்டிருக்கிறார். முந்திய நாளே மறுபடியும் தொடங்கியிருப்பது கணக்கப்பிள்ளை ஒருவருக்கு மட்டுமே தெரியும். இப்படி ஒரு கதையைக் கற்பனை செய்துகொள்வோம். கால வளைய மர்மக் கதைகள் பலவும் துண்டிக்கப்பட்ட இடங்களைத் தேடிப் போவதற்கு அச்சமூட்டும் சூழல் மட்டும் காரணமன்று. ஒரு நாள் திரும்பி வர வேண்டுமானால், அந்த நாளுக்கு ஓர் எல்லை இருந்தாக வேண்டும் என்பது பௌதிகவியல் விதிக்கும் நிபந்தனை.

வெளியிலிருந்து எதுவும் நுழையாத, எல்லைக்குட்பட்ட ஒரு தொகுதி, போதிய காலம் கிடைத்தால், தன் தொடக்க நிலைக்கு மிக நெருக்கமாகத் திரும்பி வரும் என்பதை 1890 இல் பிரெஞ்சுக் கணிதவியலாளர் ஹென்றி புவான்காரே கணித முறையில் நிறுவினார். ஆனால் அந்தப் ‘போதிய காலம்’ நம் கற்பனைக்கு அடங்காது. அப்புத்தளையின் உயரத்தில் ஒரு லீற்றர் காற்றிலேயே ஏறத்தாழ 20 கோடி கோடி கோடி மூலக்கூறுகள் உள்ளன; அவை எல்லாம் பழைய இடத்துக்கும் பழைய வேகத்துக்கும் தாமாகத் திரும்பக் காத்திருந்தால் பிரபஞ்சத்தின் வயதே போதாது. ஆகவே கதாசிரியர் இயற்கைக்குக் காத்திராமல் நிலையைத் தாமே மீட்டுவிடுகிறார். மீட்க வேண்டிய இடம் சிறிதாக இருக்கும்வரைதான் வாசகர் அதை நம்புவார்.

அந்த மீட்பு எவ்வளவு பெரிய துணிச்சல் என்பதைத் தேயிலைத் தொழிற்சாலைக்குள் பார்க்கலாம். வாட்டிய கொழுந்தை ரோலரில் இட்டு உருட்டும்போது கலங்கள் நசுங்கி, அதுவரை தனித்தனியே இருந்த பொலிபீனோல்களும் நொதியங்களும் கலக்கின்றன. காற்றிலுள்ள ஒட்சிசன் சேர, பச்சை இலை மெல்லச் செம்பு நிறம் கொள்கிறது. அந்த நிறம் ஒரு கடிகாரம். செம்பு நிறக் கொழுந்து மீண்டும் பச்சையாகாது. கதையிலோ ஒவ்வொரு காலையும் அது பச்சையாகிவிடுகிறது. கொலையாளியின் கைரேகை, இரத்தக் கறை, கணக்கப்பிள்ளை எழுதிவைத்த குறிப்பு எல்லாம் அதனோடு சேர்ந்து அழிகின்றன.

கணக்கப்பிள்ளையின் நினைவு மட்டும் அழியவில்லை. இங்கேதான் இவ்வகைக் கதைகள் யாவும் ஏமாற்றுகின்றன. நினைவு என்பது மூளையின் ஏறத்தாழ 8,600 கோடி நரம்புக்கலங்களுக்கு இடையிலான இணைப்புகளில் ஏற்படும் பௌதிக மாற்றம். உடல் பழைய நிலைக்குத் திரும்பினால் அதுவும் திரும்ப வேண்டும். ஐன்ஸ்டைனின் ஈர்ப்புச் சமன்பாடுகளுக்கு 1949 இல் கணிதவியலாளர் குர்ட் கோடெல் கண்ட தீர்வில் தன்னையே வந்தடையும் காலப் பாதைகள் உண்டு. ஆனால் அங்கு நிகழ்வு ஒருமுறையே நிகழ்கிறது, திருத்திச் செய்ய இரண்டாவது வாய்ப்பு இல்லை. எனவே கோடெலும் நம் கணக்கப்பிள்ளைக்கு உதவமாட்டார். இந்த ஓட்டையை மூடி மறைக்காமல், அதையே மர்மத்தின் மையமாக்கும் கதையே எனக்குப் பிடிக்கும்.

நினைவு தங்கிவிட்டால், விசாரணை ஓர் ஆய்வுகூடப் பரிசோதனையாகிறது: தொடக்கம் ஒன்றே, மாற்றுவது ஒன்றே, விளைவைப் பார்ப்பது. ஆனால் 1961 இல் வானிலை அறிஞர் எட்வர்ட் லோரன்ஸ் தம் கணினி மாதிரியில் 0.506127 என்பதை 0.506 என்று சுருக்கி இட்டபோது, கணித்த வானிலை சிறிது நேரம் ஒத்துச் சென்று, பின்னர் முற்றிலும் வேறாகிப்போனது. கணக்கப்பிள்ளை ஒரு கதவைத் திறந்தாலே காற்றின் சிறு சுழல்கள் மாறிவிடும். மாலையில் பள்ளத்தாக்கிலிருந்து ஏறிவரும் மூடுபனி ஒவ்வொரு சுற்றிலும் அதே நிமிடத்தில் அதே சன்னலைத் தொடும் என்று எழுதுவது தவறு. மண்சரிவு அப்படியன்று. பல நாள் மழைநீர் மண்ணின் இடைவெளிகளை நிரப்பி, துகள்களின் பிடிப்பைத் தளர்த்திவிட்ட பிறகே சரிவு நிகழ்கிறது. நாள் தொடங்கும்போதே அதற்கான காரணம் மலைக்குள் சேர்ந்து கிடக்கிறது. ஒருவர் ஒரு நாளில் செய்யும் எதனாலும் அதை நிறுத்துவது அரிது என்பதால், பாதை ஒவ்வொரு சுற்றிலும் நம்பத்தக்க விதத்தில் அடைபடும். 2014 ஒக்டோபர் 29 காலை மீரியபெத்தைத் தோட்டத்தில் தொழிலாளர் குடியிருப்பான லயங்கள் மண்சரிவில் புதையுண்டதை அறிந்த மலையக வாசகருக்கு, இதை வெறும் கதை உத்தியாக வாசிக்க மனம் வராது என்பதையும் எழுதுபவர் மறந்துவிடலாகாது.

மீட்கப்படுவது தோட்டம் மட்டுமே என்றால், எல்லைக்கு வெளியே நாட்கள் வழக்கம்போல் கழிந்துகொண்டிருக்கும். பதுளை ரயிலில் வரும் பத்திரிகையின் திகதியும் வானொலிச் செய்தியும் அதைக் காட்டிக்கொடுத்துவிடும் என்பதால், பாதையோடு மின்சாரத்தையும் தொலைபேசியையும் கதாசிரியர்கள் துண்டிக்கிறார்கள். வானத்தைத்தான் பலர் மறந்துவிடுகிறார்கள். நிலவு நாளுக்குச் சராசரியாக 50 நிமிடம் பிந்தி உதிக்கிறது. அதன் பிறையும் 29.5 நாள் சுழற்சியில் மாறுகிறது. பனி ஓரிரவு விலகினாலே, தோட்டத்துக்குள் அதே நாள் திரும்பிக்கொண்டிருக்க, வெளியே எத்தனை நாட்கள் போயிருக்கின்றன என்பதைக் கணக்கப்பிள்ளை எண்ணிவிடலாம். எண்ணிக்கை 29 ஐத் தாண்டினால் மட்டும், எத்தனையாவது மாதம் என்பதை அவர் தம் நினைவிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியிருக்கும்.