ஐடிலிங்கில் தெரியாத பழுது: டர்போ வண்டிக்கு எல்பிஜி பொருத்தும் முன்

ஆட்டோ எல்பிஜிக்கு மாறலாமா என்று கேட்டு வருபவரிடம் சாதாரண ஹேட்ச்பேக் இருந்தால், ஐந்து நிமிடத்தில் பதில் சொல்லி அனுப்பிவிடுவேன். டர்போ எஞ்சினோ, 6,000 ஆர்.பி.எம். தாண்டியும் சளைக்காமல் இழுக்கும் எஞ்சினோ உள்ள வண்டியுடன் வருபவரை மட்டும் உட்கார வைத்து, ஒரு மணி நேரமாவது பேசாமல் வேலையைக் கையில் எடுப்பதில்லை. கோவையில் கேஸ் கிட் பொருத்துவதும் டியூன் செய்வதும்தான் என் தொழில். எனவே மாற்றவே கூடாது என்று சொல்ல இதை எழுதவில்லை. முறையாகப் பொருத்தினால் வேக வண்டியும் கேஸில் நன்றாகவே ஓடும். முறையாகப் பொருத்தப்படாத வண்டியோ, எந்தச் சத்தமும் காட்டாமல் தன்னைத்தானே அழித்துக்கொள்ளும்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு டர்போ செடான் இழுவை வண்டியில் ஏறி என் பட்டறைக்கு வந்தது. வேறோர் இடத்தில் கிட் பொருத்தி இரண்டு மாதங்கூட ஆகவில்லை. சேலம் நெடுஞ்சாலையில், பெருந்துறை தாண்டி ஆக்சிலேட்டரை முழுதாக அழுத்திச் சென்றபோது வண்டி திடீரென இழுவையை இழந்து நின்றுவிட்டது. ஹெட்டைக் கழற்றிப் பார்த்தால், மூன்றாவது பிஸ்டனின் ஓரம் மெழுகு ஒழுகியது போல உருகி, மேல் ரிங் வெளியே தெரிந்தது. காரணம் ஒரு சாண் நீள ரப்பர் குழாய். கேஸ் அழுத்தத்தைக் குறைத்து அனுப்பும் ரெடியூசருக்கு, எஞ்சினுக்குள் காற்றைக் கொண்டுசெல்லும் இன்டேக் மேனிஃபோல்டிலிருந்து போக வேண்டிய அந்தக் குழாயைப் பொருத்தாமல், அதன் வாயை மூடிவிட்டிருந்தார்கள்.

அந்தக் குழாயின் வேலை இதுதான். ரெடியூசர் பொதுவாக மேனிஃபோல்டில் உள்ள அழுத்தத்தைவிட ஏறத்தாழ 1 பார் கூடுதலாகக் கேஸை இன்ஜெக்டருக்குத் தர வேண்டும். டர்போ 0.6 பார் பூஸ்ட், அதாவது கூடுதல் காற்றழுத்தம், ஏற்றினால், ரெடியூசரும் அதே அளவுக்குத் தன் அழுத்தத்தை உயர்த்தியாக வேண்டும். குழாய் இல்லையென்றால் பூஸ்ட் ஏறுவதே ரெடியூசருக்குத் தெரியாது. 1 பாராக இருக்க வேண்டிய வேறுபாடு 0.4 பாராகச் சுருங்கி, எஞ்சின் அதிகக் காற்றை இழுக்கும் அதே நொடியில் கேஸ் குறைந்துவிடுகிறது. பெட்ரோலிலாவது, முழு ஆக்சிலேட்டரில் கொஞ்சம் கூடுதலாகத் தெளிக்கப்படும் எரிபொருள் ஆவியாகும்போது உள்ளே சூட்டைத் தணிக்கும். மேனிஃபோல்டுக்கு வருமுன்பே ஆவியாகிவிட்ட கேஸுக்கு அந்தக் குளிர்ச்சி கிடையாது. கலவை லீன் ஆனால், அதாவது காற்றுக்கு ஏற்ற எரிபொருள் இல்லாமல் போனால், வெப்பம் முழுவதையும் பிஸ்டனும் எக்ஸாஸ்ட் வால்வும்தான் தாங்க வேண்டியிருக்கிறது.

இத்தனை நடந்தும் செக் எஞ்சின் விளக்கு ஏன் எரியவில்லை என்று வண்டியின் உரிமையாளர் கேட்டார். நியாயமான கேள்வி. மிதமான வேகத்தில் ஓடும்போது எஞ்சினின் கணினியான ஈசியு, ஆக்சிஜன் சென்சாரைப் பார்த்துப் பார்த்துக் கலவையைத் திருத்திக்கொள்கிறது. முழு ஆக்சிலேட்டரில் பெரும்பாலான பழைய வண்டிகளில் அந்தத் திருத்தம் நின்றுபோய், உள்ளே எழுதி வைத்த கணக்கின்படியே எரிபொருள் போகிறது. வண்டி நின்றபடி எஞ்சின் ஓடும் ஐடிலிங்கிலும் நகருக்குள்ளும் சிறு பிழைகளைச் சென்சார் மறைத்துவிடும். மறைக்க ஆளில்லாத இடம் முழு வேகம் மட்டுமே. பட்டறை வாசலில் இரண்டு முறை ரேஸ் கொடுத்துக் காட்டி, ஒரு தெருவைச் சுற்றி வந்து சாவியைக் கையில் கொடுப்பது சோதனையே ஆகாது என்று நான் சொல்வது இதனால்தான்.

ரெடியூசரின் கொள்ளளவும் இதே கணக்கில் வருகிறது. ஒவ்வொரு ரெடியூசரும் எத்தனை குதிரைத்திறன் வரை தாங்கும் என்று தயாரிப்பாளரே குறிப்பிட்டிருப்பார். 100 குதிரைத்திறனுக்கான ரெடியூசரை 150 குதிரைத்திறன் எஞ்சினில் மாட்டினால் ஊருக்குள் எந்தக் குறையும் தெரியாது. நெடுஞ்சாலையில் கேஸ் ஆவியாக வேண்டிய வேகத்துக்கு எஞ்சினின் வெந்நீரிலிருந்து ரெடியூசருக்குக் கிடைக்கும் சூடு ஈடுகொடுக்காமல் அழுத்தம் சரியும். கேஸ் இன்ஜெக்டரின் துளைக்கும் எல்லை உண்டு. 6,000 ஆர்.பி.எம்.மில் ஒரு சிலிண்டரின் முழுச் சுற்றுக்குக் கிடைப்பது 20 மில்லிசெகண்ட் மட்டுமே. சிறிய துளை கொண்ட இன்ஜெக்டருக்கு 22 மில்லிசெகண்ட் தேவைப்பட்டால் அந்த மிச்சக் கேஸ் எப்போதும் உள்ளே போகப்போவதில்லை. அதை எந்த சாஃப்ட்வேரும் சரிசெய்ய முடியாது.

இந்தியாவுக்கு வந்த முதல் தலைமுறை ஸ்கோடா ஆக்டேவியா விஆர்எஸ், 1.8 லிட்டர் டர்போ, 20 வால்வு, 150 குதிரைத்திறன் கொண்டது. அதில் பெட்ரோல் மேனிஃபோல்டில் தெளிக்கப்படுகிறது என்பதால், தகுந்த ரெடியூசரும் இன்ஜெக்டரும் வைத்தால் மாற்றத்துக்கு ஏற்ற எஞ்சின். போலோ ஜிடி டிஎஸ்ஐ போன்ற டைரக்ட் இன்ஜெக்ஷன் வண்டிகளுக்கு இது பொருந்தாது. அவற்றில் பெட்ரோல் இன்ஜெக்டரின் முனை எரியும் அறைக்குள்ளேயே இருக்கிறது. அதன் வழியே பெட்ரோல் ஓடிக்கொண்டிருந்தால்தான் அது குளிரும். அதற்கென உருவாக்கப்பட்ட கிட்கள் கேஸில் ஓடும்போதும் சிறிதளவு பெட்ரோலைச் சேர்த்துத் தெளிக்கும். சாதாரண கிட்டை மாட்டிப் பெட்ரோலை அடியோடு நிறுத்தினால் அந்த முனைகள் கரியடைத்துக் கெடும்.

வால்வைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்லியாக வேண்டும். வால்வுக்கும் அதை அழுத்தும் உறுப்புக்கும் இடையிலான டாப்பெட் இடைவெளியைக் கையால் சரிசெய்யும் வகை எஞ்சின் கொண்ட ஒரு பழைய 1.5 லிட்டர் செடானின் உரிமையாளர், “கேஸ் போட்டதிலிருந்து டாப்பெட் சத்தம்கூட நின்றுவிட்டது, எஞ்சின் பட்டுப்போல ஓடுகிறது” என்று மகிழ்ச்சியோடு சொன்னார். எனக்கு அச்சமாகிவிட்டது. மூடியைத் திறந்து, இடைவெளி அளக்கும் ஃபீலர் கேஜை எடுத்தேன். 0.25 மில்லிமீட்டர் தகடு எளிதாகப் போக வேண்டிய எக்ஸாஸ்ட் வால்வில் 0.10 தகடுகூட நுழையவில்லை. வால்வு வந்து அமரும் மென்மையான சீட் கேஸின் வறண்ட சூட்டில் தேயத் தேய, வால்வு மேலேறி இடைவெளியைத் தின்றுவிடுகிறது. இடைவெளி இல்லாததால் சத்தம் இல்லை. இன்னும் சில ஆயிரம் கிலோமீட்டர் ஓடியிருந்தால் சூடான நிலையில் வால்வு முழுதாக மூடாமல் கருகியிருக்கும். இவ்வகை எஞ்சினில் கேஸ் ஓட்டுபவர்கள் 10,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை இடைவெளியை அளந்தே தீர வேண்டும். இடைவெளியைத் தானே சரிசெய்துகொள்ளும் ஹைட்ராலிக் டாப்பெட் இருந்தால் தேய்மானம் இன்னும் ஆழமாக ஒளிந்துகொள்ளும்; அங்கே கம்ப்ரஷன் சோதனைதான் துணை.

செலவுக் கணக்கையும் நேர்மையாகப் போட வேண்டும். லிட்டருக்கு லிட்டர் எல்பிஜியில் ஆற்றல் குறைவு என்பதால், பத்து லிட்டர் பெட்ரோலில் போன தூரத்துக்குச் சுமார் பன்னிரண்டரை லிட்டர் கேஸ் தேவைப்படும். கேஸ் விலை பெட்ரோல் விலையில் ஐந்தில் நான்கு பங்குக்குக் கீழே இருந்தால்தான் மிச்சம் என்று ஒன்று இருக்கும். பெட்ரோல் டேங்கைக் காயவிடுவதும் தவறு. கேஸில் ஓடும்போதும் பல வண்டிகளில் பெட்ரோல் பம்ப் சுழன்றுகொண்டே இருக்கிறது. அதைக் குளிர்விப்பதும் பெட்ரோல்தான் என்பதால் கால் டேங்காவது இருக்கட்டும்.

வீட்டுச் சிலிண்டரிலிருந்து கேஸ் ஏற்றும் வழக்கத்தை மட்டும் கெஞ்சிக் கேட்டு நிறுத்தச் சொல்கிறேன். அது சட்டவிரோதம். அதன் கலவை வாகன எஞ்சினுக்காக வரையறுக்கப்பட்டதன்று. பூஸ்ட் ஏறும் எஞ்சினில் நாக்கிங், அதாவது கலவை நேரம் தவறி வெடிப்பது, வந்தால் பிஸ்டன் உடையும். அதைவிட, மோட்டார் வைத்து ஏற்றும்போது கசியும் கேஸ் காற்றைவிடக் கனமானது என்பதால் தரையோடு படர்ந்து தீப்பொறிக்காகக் காத்திருக்கும். பங்க்கில் நிரப்பும்போது டேங்கின் வால்வு 80 சதவீதத்தில் தானே மூடிக்கொள்வது, வெயிலில் திரவம் விரிவதற்கு இடம் வேண்டும் என்பதற்காக. அந்த வால்வைத் திருகிக் கூடுதலாக நிரப்பித் தருகிறேன் என்பவரிடம் வண்டியைக் கொடுக்காதீர்கள். உங்கள் மாடலுக்கு ஒப்புதல் பெற்ற கிட், ஆர்.சி.யில் எரிபொருள் மாற்றப் பதிவு, காப்பீட்டு நிறுவனத்துக்குத் தகவல், ஐந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை டேங்க் சோதனை ஆகியவற்றில் ஒன்றைக்கூட விட்டுவிடக் கூடாது.

பிஸ்டன் உருகிய அந்த செடானுக்கு எஞ்சின் வேலை முடித்து, பெரிய ரெடியூசரும் புதிய குழாயும் பொருத்தி, எக்ஸாஸ்டில் கலவையை அளக்கும் வைட்பேண்ட் சென்சார் செருகி, நின்ற இடத்திலேயே முழு வேகத்தில் ஓட்டிப் பார்க்கும் டைனோவில் ஏற்றினோம். மூன்றாவது கியரில், முழு ஆக்சிலேட்டரில், 2,500 முதல் 6,500 ஆர்.பி.எம். வரை கலவையைக் காட்டும் லாம்டா எண் (1-க்குக் கீழே என்றால் எரிபொருள் சற்று மிகுதி) 0.86-ஐ ஒட்டியே நின்றது. அந்த வரைபடத் தாளை அவர் ஆர்.சி.யோடு சேர்த்து வைத்திருக்கிறார். ஒவ்வொரு 10,000 கிலோமீட்டருக்கும் வண்டியைக் கொண்டுவருகிறார். பழைய தாளின் மீது புதிய தாளை வைத்து, இரண்டு கோடுகளும் ஒன்றின் மேல் ஒன்று விழுகின்றனவா என்று இருவருமாகப் பார்க்கிறோம்.