கூடத்தில் நிற்கும் இல்லாத சோபா: கைபேசிக்கு மீட்டர் கணக்கு தெரிவது எப்படி?

வாசகர் ஒருவர் அனுப்பியிருக்கும் கேள்வி இது: "சோபா வாங்குவதற்காக ஓர் அறைகலன் கடையின் செயலியைத் திறந்து, கைபேசியின் கேமராவை எங்கள் கூடத்தை நோக்கித் திருப்பினோம். திரையில் கூடத்தின் நடுவே சோபா வந்து நின்றது. நாங்கள் அதைச் சுற்றி நடந்தபோதும் அது இடம் மாறவில்லை. பின்னர் உண்மையான சோபா வந்து இறங்கியபோது, ஏறக்குறைய திரையில் கண்ட அளவிலேயே இருந்தது. கைபேசியிடம் அளவு நாடா எதுவும் இல்லையே, எங்கள் கூடத்தின் அளவு அதற்கு எப்படித் தெரிந்தது?"

மிக நல்ல கேள்வி. ஏனெனில், ஒரே ஒரு கேமராவை மட்டும் வைத்துக்கொண்டு இந்த அளவைக் கண்டுபிடிக்கவே முடியாது. எவ்வளவு உயர்ந்த கேமராவாக இருந்தாலும், எத்தனை ஆயிரம் படங்கள் எடுத்தாலும் முடியாது. அப்படியிருந்தும் கைபேசி அதைச் செய்துவிடுகிறது. அதற்கு அது பயன்படுத்தும் வழி, இன்றைய வணிகத் தொழில்நுட்பங்களில் நான் மிகவும் வியந்து நேசிக்கும் ஒன்று.

முதலில் கடைக்காரர்களின் தேவையைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். பெரிய காட்சிக்கூடத்தின் உயர்ந்த கூரைக்கு அடியில் அடக்கமாகத் தெரியும் சோபா, வீட்டுக் கூடத்துக்கு வந்ததும் பாதி இடத்தை அடைத்துக்கொள்கிறது. சட்டையைப் போல அதை எளிதில் திருப்பி அனுப்பவும் முடியாது. ஏற்றுகூலியும் இறக்குகூலியும் லாபத்தைத் தின்றுவிடும். சுவீடனின் ஐகியா நிறுவனத்தில் கில்லிஸ் லுண்ட்கிரென் என்ற வடிவமைப்பாளர் 1956-இல் ஒரு மேசையின் கால்களைக் கழற்றித் தட்டையான பெட்டிக்குள் அடைக்கும் முறையை அறிமுகப்படுத்தியபோது, பொருளை வீட்டுக்குக் கொண்டுபோகும் சிக்கல் பெருமளவு தீர்ந்தது. வாங்குவதற்கு முன்பே அதை வீட்டில் வைத்துப் பார்ப்பது எப்படி என்ற சிக்கல் மட்டும் தீரவில்லை. 1951 முதல் வெளிவந்த அந்நிறுவனத்தின் கேட்டலாக், 2016-இல் 32 மொழிகளில் 20 கோடிப் பிரதிகள் அச்சாகும் அளவுக்கு வளர்ந்தும், அழகான அறைகளைக் காட்ட முடிந்ததே தவிர, வாங்குபவரின் சொந்த அறையைக் காட்ட முடியவில்லை.

2013-இல் வெளியான 2014-ஆம் ஆண்டுக்கான கேட்டலாக்கில் இதற்கு ஒரு வழி செய்யப்பட்டது. புத்தகத்தைத் தரையில் வைத்துக் கைபேசி வழியாகப் பார்த்தால், அந்த இடத்தில் நாற்காலியோ மேசையோ திரையில் தோன்றும். அதற்குத் தேவையான முப்பரிமாண மாதிரிகள் நிறுவனத்திடம் ஏற்கெனவே குவிந்திருந்தன. 2006-இல் பெர்டில் என்ற மரநாற்காலியைக் கணினியில் வரைந்து கேட்டலாக்கில் சேர்த்ததில் தொடங்கி, 2014 வாக்கில் அந்நிறுவனத்தின் பொருள் படங்களில் ஏறத்தாழ முக்கால் பங்கு கணினி வரைந்தவையாகவே மாறியிருந்தன. ஆனால் இங்கே கவனிக்க வேண்டியது, புத்தகத்தை எதற்காகத் தரையில் வைக்கச் சொன்னார்கள் என்பதைத்தான். கேட்டலாக்கின் நீள அகலம் செயலிக்கு முன்பே தெரியும். படத்தில் அந்தப் புத்தகம் எவ்வளவு பெரிதாகத் தெரிகிறது என்பதை வைத்து மற்றவற்றின் அளவைக் கணக்கிட முடியும். அந்தப் புத்தகமே அங்கு அளவுகோலாகக் கிடந்தது. நான்கே ஆண்டுகளில், 2017 செப்டம்பரில், ஆப்பிளின் ஏஆர்கிட் மென்பொருளைப் பயன்படுத்தி ஐகியா வெளியிட்ட புதிய செயலிக்குப் புத்தகம் தேவைப்படவில்லை. அப்படியானால் அளவுகோல் எங்கே போனது?

இதற்கு விடை காண, கேமராவின் குறை என்ன என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும். கேமரா பதிவுசெய்வது திசைகளை மட்டுமே. கொலுப்படியில் வைக்கும் ஒரு சாண் உயர நாற்காலியை அருகிலிருந்து எடுத்த படமும், உண்மையான நாற்காலியைத் தள்ளி நின்று எடுத்த படமும் ஒன்றுபோலவே இருக்கக்கூடும். கேமராவை நகர்த்திப் பல படங்கள் எடுத்தால், அருகிலுள்ள பொருள் அதிகமாகவும் தொலைவிலுள்ள பொருள் குறைவாகவும் இடம்பெயர்வதை வைத்து அறையின் முழு வடிவத்தையும் கணக்கிட்டுவிடலாம். சுவர் எங்கே, மேசை எங்கே, கேமரா எந்தப் பாதையில் சென்றது என்பதெல்லாம் கிடைத்துவிடும். ஆனால் எல்லாம் விகிதங்களாகவே கிடைக்கும். அறையையும் அதிலுள்ள பொருள்களையும் கேமரா நகர்ந்த தொலைவையும் ஒரே அளவில் பத்தில் ஒரு பங்காகச் சுருக்கினால், படங்களில் ஒரு புள்ளிகூட மாறாது. ஆகவே "மேசை, கேமரா நகர்ந்த தொலைவைப் போல ஆறு மடங்கு தள்ளி இருக்கிறது" என்று கேமராவால் சொல்ல முடியும். அது ஆறு சென்டிமீட்டரா, ஆறு மீட்டரா என்று சொல்லவே முடியாது.

கைபேசிக்குள் வேறொரு உணரி இருக்கிறது. திரையைச் சாய்த்தால் படம் திரும்புவதற்குக் காரணமான முடுக்கமானிதான் அது. சிலிக்கானில் செதுக்கிய நுண்ணிய ஒரு பாளம், அதே சிலிக்கானால் ஆன மெல்லிய வில்களில் தொங்குகிறது. பாளத்தின் ஓரத்தில் சீப்புப் பற்களைப் போன்ற தகடுகள் நீண்டிருக்க, எதிரில் அசையாத தகடுகள் சில மைக்ரான் இடைவெளியில் நிற்கின்றன. கைபேசி திடீரென நகரும்போது பாளம் சற்றே பின்தங்குகிறது, இடைவெளி மாறுகிறது, தகடுகளுக்கு இடையிலான மின்தேக்குத்திறனும் மாறுகிறது. அந்த மாற்றத்திலிருந்து கைபேசியின் முடுக்கம் தெரிகிறது. அதுவும் விகிதமாக இல்லாமல், மீட்டர், நொடி என்ற உண்மையான அலகுகளில் தெரிகிறது. இத்தகைய உணரியைத் திருத்துவதற்கான வழக்கமான முறை, அதை மேலும் கீழுமாகப் புரட்டிப் புவியீர்ப்பின் 9.8 என்ற எண்ணோடு ஒப்பிடுவதாகும். தரையில் கிடந்த கேட்டலாக்கின் இடத்தை இப்போது பூமியே எடுத்துக்கொண்டிருக்கிறது என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மெய்சிலிர்க்கிறது.

முடுக்கம் தெரிந்தால் வேகமும், வேகம் தெரிந்தால் நகர்ந்த தொலைவும் கிடைக்கும் என்பது பள்ளிப் பாடம். அப்படியிருக்கக் கேமரா எதற்கு என்று கேட்கலாம். முடுக்கமானி தன் சொந்த அசைவோடு புவியீர்ப்பின் விளைவையும் சேர்த்தே காட்டுகிறது. ஈர்ப்பைக் கழிக்க வேண்டுமானால் கைபேசி எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்பது துல்லியமாகத் தெரிய வேண்டும். சுழற்சியை அளக்கும் மற்றோர் உணரியான கைரோஸ்கோப் அந்தச் சாய்வைக் கணிக்க உதவுகிறது. ஆனால் அந்தக் கணிப்பில் ஒரே ஒரு பாகை பிழை இருந்தாலும், ஒவ்வொரு நொடியும் வேகம் நொடிக்கு 0.17 மீட்டர் கூடுவது போன்ற பொய்யான முடுக்கம் கணக்கில் நுழைந்துவிடும். பிழை காலத்தின் வர்க்கமாகப் பெருகுவதால், மேசைமேல் அசையாமல் கிடக்கும் கைபேசி பத்தே நொடிகளில் எட்டரை மீட்டர் நகர்ந்துவிட்டதாக நம்பத் தொடங்கும்.

ஆக, ஒன்று வடிவத்தை மிகத் துல்லியமாக அறியும், ஆனால் அளவு அறியாது. மற்றொன்று அளவை அறியும், ஆனால் சில நொடிகளுக்குமேல் நம்ப முடியாது. இரண்டின் குறைகளும் வெவ்வேறு இடங்களில் இருப்பதே நம் நல்வாய்ப்பு. கேமரா, காட்சியில் எளிதில் அடையாளம் காணக்கூடிய நூற்றுக்கணக்கான புள்ளிகளை, அதாவது விரிப்பின் பூவேலை, சன்னலின் மூலை, நாட்காட்டியின் எழுத்து போன்றவற்றைப் பிடித்துவைத்துக்கொண்டு, ஒவ்வொரு சட்டகத்திலும் அவை எங்கே சென்றன என்று தொடர்கிறது. அதிலிருந்து கேமராவின் பாதை விகித அலகில் கிடைக்கிறது. இடப்பக்கம் மூன்று அலகு, மேலே ஓர் அலகு, பிறகு வலப்பக்கம் நான்கு அலகு என்று வைத்துக்கொள்வோம். அதே வேளையில் முடுக்கமானி, அந்த முதல் அசைவு முப்பது சென்டிமீட்டர் என்கிறது. அப்படியானால் ஓர் அலகு என்பது பத்து சென்டிமீட்டர். அந்த ஒரே எண் கிடைத்துவிட்டால், பதினெட்டு அலகு தள்ளியிருக்கும் சுவர் 1.8 மீட்டரில் இருப்பது உடனே தெரிந்துவிடும். முழுக் கூடமும் ஒரே கணத்தில் உண்மை அளவுக்கு விரிந்துவிடும். அதோடு வேலை முடிவதில்லை. கேமரா சொல்லும் பாதையோடு ஒப்பிட்டு, முடுக்கமானியும் கைரோஸ்கோப்பும் செய்யும் பிழை எவ்வளவு என்பதையும் மென்பொருள் நொடிக்குப் பலமுறை கணித்துத் திருத்திக்கொண்டே இருக்கிறது. அளவு சொல்லிக்கொடுத்த உணரிக்கு, கேமரா பதிலுக்குப் பிழை திருத்திக்கொடுக்கிறது.

செயலி தொடங்கியதும் கைபேசியை மெல்ல இப்படியும் அப்படியும் அசைக்கச் சொல்வதன் காரணம் இப்போது விளங்கும். பலரும் அதைச் செயலி தயாராகும்வரை நம்மைக் காத்திருக்க வைக்கும் ஏற்பாடு என்று நினைக்கிறார்கள். உண்மையில் அந்த அசைவிலிருந்துதான் மீட்டரே பிறக்கிறது. அசையாமல் நின்றாலும், சீரான வேகத்தில் நேர்கோட்டில் சென்றாலும் நம் அசைவால் உண்டாகும் முடுக்கம் சுழி. முடுக்கம் சுழியானால் எந்த அலகால் பெருக்கினாலும் சுழியே வரும், ஆகவே அளவைக் கண்டறியும் வழி அடைபட்டுவிடும். கை நின்று, திரும்பி, மீண்டும் வேகமெடுக்கும் அந்தத் தடுமாற்றமே கணக்குக்கு உணவு. படம் எடுப்பதற்குப் பெருங்கேடான கைநடுக்கம், இங்கே இன்றியமையாத தகவலாகிவிடுகிறது!

இம்முறை எங்கே தோற்கும் என்பதையும் இதிலிருந்தே ஊகிக்கலாம். வெள்ளைச் சுவரில் பிடித்துக்கொள்ளப் புள்ளிகள் இல்லை. நம் வீடுகளின் பளபளப்பான டைல்ஸ் தரையில் நிலைமை இன்னும் மோசம், ஏனெனில் அதில் தெரியும் குழல்விளக்கின் பிரதிபலிப்பை உண்மையான புள்ளி என்று மென்பொருள் நம்பிவிடக்கூடும். நாம் நடக்க நடக்க அந்தப் பிரதிபலிப்பும் நகர்வதால், சோபா தரைக்குள் புதைந்தோ காற்றில் மிதந்தோ தெரியும். ஒரு பாயையோ செய்தித்தாளையோ விரித்து, நல்ல வெளிச்சத்தில் மீண்டும் முயன்றால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

இந்தக் கணக்கின் பின்னே இருப்பவர்கள் எவரும் சோபா விற்க நினைத்தவர்கள் அல்லர் என்பதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. இரண்டு படங்களிலிருந்து வடிவத்தை மீட்கும் புகழ்பெற்ற வழியை 1981-இல் வெளியிட்ட லாங்கே-ஹிக்கின்ஸ், வேதியியலிலிருந்து மனித அறிதல் ஆய்வுக்கு வந்தவர். பிழையுள்ள அளவீடுகளைச் சேர்த்து உண்மையை நெருங்கும் வழியை 1960-இல் தந்தவர் ருடால்ஃப் கால்மன். அது அப்பல்லோ விண்கலங்களுக்கு வழிகாட்டப் பயன்பட்டது. கேமராவையும் முடுக்கமானியையும் சிறிய கணினியிலேயே இணைக்க உதவிய முக்கியமான ஆய்வுகளில் ஒன்று, 2007-இல் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தின் மௌரிகிஸ், ரூமெலியோடிஸ் ஆகியோரிடமிருந்து வந்தது. இந்தியா 2020-21-இல் ஆய்வுக்கும் மேம்பாட்டுக்கும் செலவிட்டது மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 0.64 விழுக்காடு, தென்கொரியா 4 விழுக்காட்டுக்கும் மேல் செலவிடுகிறது. உடனடிப் பயன் என்ன என்று ஒவ்வோர் ஆய்வுத் திட்டத்திடமும் கேட்டு நிதியைக் குறைப்பவர்கள், இந்த மூன்று ஆய்வுகளின் கதையையும் ஒருமுறை படித்துப் பார்க்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

விளம்பரங்கள் சொல்வதையும் அறிவியல் கண்ணோடு பார்க்க வேண்டும். இவ்வசதியைப் பயன்படுத்தியவர்கள் மற்றவர்களைவிட அதிகமாக வாங்குகிறார்கள் என்று விற்பனையாளர்கள் பெருமையாகச் சொல்வதுண்டு. சோபாவைத் தன் கூடத்தில் நிறுத்திப் பார்க்கும் அளவுக்கு மெனக்கெடுபவர், வாங்கும் எண்ணம் ஏற்கெனவே முதிர்ந்தவராக இருப்பதற்கே வாய்ப்பு அதிகம். இரு பிரிவினரைக் குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு பிரிவினருக்கு மட்டும் வசதியைக் கொடுத்து ஒப்பிடாதவரை, வசதியால் விற்பனை கூடியது என்று சொல்லிவிட முடியாது. அதேபோல், தன் செயலி 98 விழுக்காடு துல்லியமானது என்று ஐகியா 2017-இல் அறிவித்தது. எஞ்சிய இரண்டு விழுக்காடு, இரண்டு மீட்டர் சோபாவில் நான்கு சென்டிமீட்டர். இரு சுவர்களுக்கு இடையே பொருத்த வேண்டிய அலமாரிக்கு அந்த நான்கு சென்டிமீட்டர் மிகப் பெரிது. அங்கே அளவு நாடாவை எடுப்பதே அறிவுடைமை.

2020 முதல் விலை உயர்ந்த சில கைபேசிகளில் லைடார் உணரியும் சேர்ந்திருக்கிறது. ஒளி சென்று திரும்பும் நேரத்தை வைத்துத் தொலைவை நேரடியாக அளக்கும் இதற்கு வெள்ளைச் சுவர் ஒரு பொருட்டே அல்ல. 2022-இல் ஐகியா அமெரிக்காவில் அறிமுகப்படுத்திய க்ரியேட்டிவ் என்ற வசதி, கூடத்தில் இருக்கும் பழைய சோபாவைப் படத்திலிருந்து அழித்துவிட்டுப் புதியதை வைத்துக் காட்டுகிறது.

ஆயினும் இச்செயலிகள் சோபாவைக் கூடத்தின் நடுவே தோன்றச் செய்கின்றனவே அன்றி, வாசலிலிருந்து அதை அங்கே கொண்டுசேர்க்கும் வழியைப் பார்ப்பதில்லை. ஒரு மீட்டர் அகலமுள்ள நடை செங்கோணமாகத் திரும்பும் இடத்தில், தூக்காமல் தள்ளிச் செல்லக்கூடிய மிகப் பெரிய சோபாவின் பரப்பு என்ன என்ற கேள்வியை லியோ மோசர் என்ற கணிதவியலாளர் 1966-இல் எழுப்பினார். ஏறத்தாழ 2.22 சதுர மீட்டர் பரப்புள்ள ஒரு வடிவத்தை ஜோசப் கெர்வர் 1992-இல் கண்டறிந்தார். அதைவிடப் பெரியது இருக்கவே முடியாது என்பதற்கான நூறு பக்கங்களுக்கு மேற்பட்ட நிரூபணத்தைத் தென்கொரியாவின் ஜினியோன் பெக் 2024 நவம்பரில்தான் வெளியிட்டார். மாடிவீட்டில் இருப்பவர்கள், செயலியில் பார்த்து மனநிறைவு அடைந்த பிறகு, படிக்கட்டுத் திருப்பத்தின் அகலத்தையும் ஒருமுறை அளந்துவிட்டே பணத்தைச் செலுத்தவும்.